மேட்டுப் பாத்திக்கு ஒரு கூண்டு

நாற்று தேறினால் பயிர் பாதி தேறியது என்பது உழவர் அனைவரும் அறிந்த உண்மை. ஓர் ஏக்கர் மிளகாய்த் தோட்டத்தின் எதிர்காலம் முழுவதும் முதல் நாற்பது நாட்கள் ஒரு சென்ட் அளவுள்ள நாற்றங்காலில் அடங்கிக் கிடக்கிறது. அந்த ஒரு சென்ட்டைக் காக்கத் தவறியவர், பின்னர் ஓர் ஏக்கருக்கு உரமிட்டும் மருந்தடித்தும் முழுப் பயன் காண்பது அரிது.

விருத்தாசலம் வட்டாரத்தில் இந்த நாற்பது நாட்கள் எளிதிற் கழிவன அல்ல. புரட்டாசியில் விதைத்த பாத்தி முளைத்து நிற்கும் வேளையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்று முன்னோர் சொல்லி வைத்தது நமது கடலூர் மாவட்டத்திற்கு முற்றும் பொருந்தும். 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கரையேறிய தானே புயலையும், 2015 நவம்பரில் பெய்த பெருமழையையும், 2024 நவம்பர் 30-ஆம் நாள் புதுவையருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலையும் நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவை பெரிய இடர்கள். ஆனால் பெயரில்லாத சாதாரண மழை நாட்களே ஆண்டுதோறும் சிறுவிவசாயியின் நாற்றங்காலை ஓசையின்றி அழித்து வருகின்றன.

நெசவுத் தொழில் செய்யும் உறுப்பினர்களுக்கும் இதில் பங்குண்டு. மழைக்காலத்தில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்க இயலாது, தோய்த்தாலும் காயாது. வேலை குறையும் அந்த வாரங்களில்தான் சந்தையில் கீரையும் காய்கறியும் விலை ஏறி நிற்கும். கொல்லைப்புறத்தில் இரண்டு பாத்திக் கீரை கெடாமல் இருக்குமாயின் அது வீட்டுச் செலவிற்குச் சிறு துணையன்று. ஆதலின், பாத்தியின்மேல் வளைவுகளை நாட்டிப் பாலிதீன் தாளோ வலையோ போர்த்தும் எளிய முறையை இருசாராரும் அறிந்துகொள்ளும் வண்ணம் இங்கே விளக்குவோம்.

மழை செய்யும் மூன்று கேடுகள்

மழையினால் நாற்றங்காலுக்கு நேரும் கேடு மூன்று வகைப்படும். முதலாவது, துளியின் தாக்குதல். செம்மண் பாத்தியின்மேல் பெருந்துளிகள் ஓயாது விழுந்தால் மேல்மண் கரைந்து இறுகிப் பொருக்குத் தட்டிவிடும். முளை அந்தப் பொருக்கைப் பிளந்து வெளிவர இயலாமல் உள்ளேயே மடியும். முளைத்துவிட்ட சிறு நாற்றின் இலைகளிலோ மண் தெறித்துப் படியும். அம்மண்ணோடு நோயும் ஏறும்.

இரண்டாவது, நீர்த்தேக்கம். வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. மண்ணின் நுண்துளைகள் யாவும் நீரால் நிரம்பிவிட்டால் வேர் மூச்சு முட்டி வெளிறும்.

மூன்றாவதும் கொடியதுமானது நாற்றழுகல் நோய். பித்தியம் முதலிய பூசண இனங்கள் மண்ணில் எப்போதும் உள்ளவையே. மண்ணில் நீர் நிற்கும்போது அவற்றின் வித்துகள் அந்நீரில் நீந்திச் சென்று தண்டின் அடியைப் பற்றுகின்றன. மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் அடி நைந்து சாய்ந்து கிடக்கும். நெருக்கமாக விதைத்த பாத்தியில் இந்நோய் ஓரிடத்தில் தொடங்கி, வட்டமாகப் பரவி, சில நாட்களில் பாத்தியையே வெறுமையாக்கிவிடும்.

மேட்டுப் பாத்தி அமைப்பது இவற்றுள் இரண்டாவது கேட்டை நீக்கும். மற்ற இரண்டையும் நீக்க, மேலே கூரை வேண்டும்.

வண்டிக் கூண்டும் பாத்திக் கூண்டும்

கூரை என்றவுடன் பெருஞ்செலவு என்று அஞ்ச வேண்டுவதில்லை. நம் நாட்டுக் கூண்டு வண்டியைப் பார்த்தவர்க்கு இதன் அமைப்பு உடனே விளங்கும். மூங்கிலை வளைத்து இருபக்கமும் செருகி, நீளவாட்டில் ஒரு கழியைக் கட்டி, மேலே பாயைப் போர்த்தினால் வண்டிக் கூண்டு. அதே வளைவுகளை வண்டிக்குப் பதிலாகப் பாத்தியின்மேல் நாட்டி, பாய்க்குப் பதிலாகப் பாலிதீனைப் போர்த்தினால் பாத்திக் கூண்டு. தென்னங்கீற்றும் வைக்கோலும் கொண்டு நாற்றுக்கு மறைப்பு அமைப்பது நம் பழைய வழக்கமே. கீற்றுக்கு ஒரு குறையுண்டு. அது மழையைத் தடுக்கும்போது வெளிச்சத்தையும் தடுக்கிறது. மேகமூட்டமான நாட்களில் வெளிச்சம் ஏற்கெனவே குறைவு. கீற்றின் அடியில் நாற்று வெளிறி, நெட்டுயர்ந்து, நடவின்போது ஒடியும். பாலிதீன் தாள் மழையைத் தடுத்து வெளிச்சத்தை விடுகிறது. இதுவே அதன் சிறப்பு.

குளிர்நாட்டுக் கருவி

பாலிதீன் 1933-இல் இங்கிலாந்தில் ஓர் இரசாயன நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பொருள். பயிர்க் கூடாரத்திற்கு மென்தாள் போர்த்தும் வழியை முதலில் காட்டியவர்களுள் அமெரிக்காவின் கெண்டக்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமரி எம்மர்ட் குறிப்பிடத்தக்கவர். கண்ணாடி வீடு கட்டப் போதிய பொருளில்லாமையால் 1948-இல் அவர் மரச்சட்டத்தின்மேல் செல்லோபேன் தாளைப் போர்த்திப் பயிர் வளர்த்தார். பின்னர்ப் பாலிதீனைப் பயன்படுத்தினார். அவ்வழி இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது.

நம் நாட்டிலும் குளிர் மிகுந்த பகுதிகளில் இது நன்கு பயன்படுகிறது. லடாக்கில் பள்ளம் தோண்டிப் பாலிதீன் போர்த்தி உறைபனிக் காலத்திலும் கீரை விளைவிக்கிறார்கள். பஞ்சாப், அரியானா, இராஜஸ்தான் மாநிலங்களில் மார்கழி, தை மாதக் குளிரில் தாழ்ந்த கூண்டுகளின்கீழ் வெள்ளரி, சுரை, பூசணி வகைகளை விதைத்து, மற்றவர்க்கு முந்திச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள்.

அங்கெல்லாம் கூண்டின் வேலை வெப்பத்தைப் பிடித்து வைப்பது. நமக்கோ வெப்பம் வேண்டுவதில்லை, வேண்டுமட்டும் இருக்கிறது. வடநாட்டுக் கூண்டை அப்படியே இங்கே கொண்டுவந்து நான்கு பக்கமும் மூடி வைப்போமானால், வானம் வெளுத்த ஒரே நண்பகலில் நாற்று வெந்துபோகும். இதை அறியாமல் செய்து நட்டமடைந்து, ‘பிளாஸ்டிக் நம் ஊருக்கு ஆகாது’ என்று கைவிடுவோர் பலர். ஆகாதது பிளாஸ்டிக் அன்று, மூடும் முறையே.

இதன் காரணத்தை அறிவது நலம். வெயில் தாளை ஊடுருவி மண்ணைச் சுடுகிறது. மண் காற்றைச் சுடுகிறது. வெட்டவெளியில் சூடேறிய காற்று மேலெழுந்து நீங்க, குளிர்ந்த காற்று அவ்விடத்தை அடைகிறது. மூடிய கூண்டினுள் அக்காற்றுக்குப் போக்கிடமில்லை. கண்ணாடி வீட்டின் வெப்பத்திற்குப் பெரும்பான்மைக் காரணம் இந்தக் காற்றுத் தடையே என்பதை 1909-இல் அமெரிக்க அறிஞர் இராபர்ட் உட் சோதனை செய்து காட்டினார். ஆகவே பரிகாரமும் அதிலேயே உள்ளது. பக்கங்களை உயர்த்திக் காற்றுக்கு வழிவிட்டால் வெப்பம் தங்காது. நம் பக்கத்துக் கூண்டு, மேலே மூடிப் பக்கம் திறந்த கூண்டாக இருத்தல் வேண்டும். அது குளிருக்குப் போர்த்தும் கம்பளியன்று. மழைக்குப் பிடிக்கும் குடை.

கூண்டு அமைக்கும் முறை

பாத்தியின் அளவு அகலம் 3 அடி, நீளம் 15 அடி, உயரம் அரை அடி என்று கொள்வோம். இருபுறமிருந்தும் கை எட்டுதற்கு இவ்வகலமே ஏற்றது. இத்தகைய ஒரு பாத்தி ஏறக்குறைய பத்து சென்ட் நிலத்திற்கு வேண்டிய மிளகாய் நாற்றைத் தரும்.

வளைவுக்கு மூங்கில் பிளாச்சு, அரை அங்குலக் கருப்புக் குழாய், தடித்த இரும்புக் கம்பி ஆகியவற்றுள் கிடைப்பதைக் கொள்ளலாம். 3 அடி அகலத்தின்மேல் அரைவட்டமாக வளைக்க ஏறத்தாழ 5 அடி நீளம் வேண்டும். நடு உயரம் ஒன்றரை அடி வரும். மூங்கிலாயின் இருமுனையும் ஒவ்வோர் அடி மண்ணுள் இறங்க வேண்டுமாகையால் 7 அடியாக நறுக்குக. குழாயாயின் 5 அடி போதும். இருபுறமும் ஒன்றரை அடி இரும்புக் கம்பிகளை ஓரடி ஆழம் அடித்து, வெளியே நிற்கும் அரை அடியில் குழாயைச் செருகிவிடலாம். மூங்கிலின் கணுக்களைச் சீவி, தாள் படும் இடங்களில் கிழிந்த துணியைச் சுற்றுதல் நன்று. ஒரு கூர்முனை போதும், தாளை நீளக் கிழிப்பதற்கு.

3 அடிக்கு ஒன்றாக 6 வளைவுகளை நாட்டுக. உச்சியில் நீளவாட்டில் ஒரு கழியையோ முறுக்கிய கயிற்றையோ ஒவ்வொரு வளைவிலும் இறுகக் கட்டுக. இதனை விட்டுவிடுவோர் உண்டு. விட்டால் வளைவுகளுக்கிடையே தாள் தொய்ந்து, மழைநீர் குட்டையாகத் தேங்கி, அதன் பாரத்தால் கூண்டே படுத்துவிடும்.

தாள் 7 அடி அகலமும் 21 அடி நீளமும் இருத்தல் வேண்டும். வெயிலின் புறஊதாக் கதிரைத் தாங்கும்படி பக்குவம் செய்யப்பட்ட தாளையே வாங்குக. சாதாரணத் தாள் விலை குறைவாயினும் ஒரு பருவத்திலேயே நொறுங்கிப் பொடியாகி மண்ணோடு கலக்கும். அத்துண்டுகளைப் பின்னர்ப் பொறுக்கி எடுக்க இயலாது. பெரிய கூடாரங்களுக்குப் போடும் 200 மைக்ரான் தாள் உறுதியானது.

தாளின் இரு நீள விளிம்புகளிலும் ஒவ்வொரு மூங்கிற் கழியைச் சுற்றிக் கட்டிவிட்டால், தறியில் நெய்த துணியை உருளையில் சுற்றுவதுபோல் வேண்டியபோது சுருட்டி உயர்த்தவும் இறக்கவும் கூடும். இருமுனைகளிலும் தாளைக் கொசுவி முளையில் கட்டுக. காற்றில் பறவாதபடி வளைவுகளுக்கிடையே குறுக்காகக் கயிறு போட்டு இருபுறமும் முளையடித்து இழுத்துக் கட்டுதல் இன்றியமையாதது. பாரத்திற்கு மணல் நிரப்பிய பைகள் ஏற்றவை. நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் உடைந்த பீங்கான் துண்டுகளை அதற்குப் பயன்படுத்தலாகாது; அவற்றின் விளிம்பு தாளை அறுத்துவிடும்.

கூடுமானவரை கூண்டின் நீளம் வாடைக்காற்று வரும் திசையை நோக்கியிருத்தல் நலம். பக்கவாட்டில் மோதும் காற்றைவிட முனையில் மோதும் காற்றின் தள்ளுதல் குறைவு. காற்று மோதும் முனையை மட்டும் மூடி, எதிர்முனையைத் திறந்துவிடுக.

வடிகால் மறவாதீர். இந்த ஒரு கூண்டின்மேல் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 400 லிட்டர் நீர் இருபுறமும் வழியும். பாத்தியைச் சுற்றி ஓரடி அகலமும் அரை அடி ஆழமும் உள்ள வாய்க்கால் வெட்டி, சரிவான பக்கத்தில் வெளியேற்றாவிடில், மேலே தடுத்த நீர் கீழ்வழியாக வேரை அடையும்.

பருவத்திற்கேற்ற போர்வை

கூண்டின் நன்மை யாதெனில், வளைவுகள் ஒருமுறை நாட்டினால் ஆண்டு முழுவதும் நிற்கும்; போர்வையை மட்டும் பருவத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை பாலிதீன் தாள். மாசி பிறந்தபின் தாளை எடுத்துவிட வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலுக்கு நிழல்வலை ஏற்றது. வெளிச்சத்தில் பாதியைத் தடுக்கும் வலையே நாற்றுக்குப் போதுமானது. முளை வரும் வரை சில நாட்களுக்குப் பழைய காடாத் துணியும் அவ்வேலையைச் செய்யும்.

மூன்றாவது போர்வை பூச்சிவலை. தக்காளி, மிளகாய், வெண்டை ஆகியவற்றுக்கு வெள்ளை ஈயால் வரும் தேமல், இலைச்சுருள் நோய்கள் பெரும் பகை. ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள அந்த ஈ, நச்சுயிரியைச் செடிக்குச் செடி கொண்டுபோகிறது. நோய் ஏறிய நாற்றைக் குணப்படுத்த மருந்தில்லை. ஆகவே ஈ வந்தபின் மருந்தடிப்பதினும், வராமல் தடுப்பதே அறிவுடைமை. இதற்கு 50 மெஷ் வலை தகும். அதாவது ஓர் அங்குலத்தில் 50 கண்கள் உள்ள வலை.

இங்கேதான் நெசவாளர் உறுப்பினரின் கண் விவசாயி உறுப்பினருக்கு உதவக்கூடும். நிழல்வலை பெரும்பாலும் பின்னல் வகையைச் சேர்ந்தது. பூச்சிவலையோ பாவும் ஊடையுமாக நெய்த துணியே. இழை பருத்தியல்ல என்பதுதான் வேறுபாடு. அங்குலத்திற்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்ப்பது நெசவாளருக்குக் கைவந்த தொழில். கடைக்காரர் சொல்லும் எண் உண்மையா, இழைகள் ஒரே சீராக உள்ளனவா, கட்டைவிரலால் அழுத்தினால் இழை விலகிக் கண் அகலுகிறதா என்பனவற்றை அவர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். கண் அகலும் வலை பணத்திற்கும் கேடு, பயிருக்கும் கேடு. இலைப்பேன் வெள்ளை ஈயினும் சிறியது என்பதையும், அதனை இவ்வலை முற்றும் தடுக்காது என்பதையும் நினைவிற்கொள்க.

பூச்சிவலையின் நான்கு விளிம்புகளையும் மண்ணில் புதைக்க வேண்டும். பாலிதீனுக்குப் பக்கம் திறப்பு எவ்வளவு முக்கியமோ, இதற்குப் பக்கம் மூடுதல் அவ்வளவு முக்கியம். வலையினூடே காற்று நுழையுமாதலால் பாலிதீனைப்போல் வெந்து போகாது. எனினும் கடுங்கோடையில் உள்ளே புழுக்கம் மிகும். வெள்ளரி, பீர்க்கு, பூசணி வகைகளை வலையின்கீழ் வளர்ப்போர் முதற்பூ தோன்றியவுடன் வலையை எடுத்துவிடுதல் வேண்டும். ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவிற்குத் தேனீ முதலியன கொண்டுசேர்த்தாலன்றிப் பிஞ்சு நிற்காது. பூசணிப் பூ விடியற்காலையிலும் பீர்க்கம்பூ மாலையிலும் விரிவது. ஆதலால் நாளில் சில மணி நேரம் திறந்துவைத்தாற் போதும் என்று எண்ணுவது பிழையில் முடியும்.

நாள்தோறும் செய்ய வேண்டுவன

வானம் வெளுத்தவுடன் இருபக்கத் தாளையும் ஓரடி உயரம் சுருட்டுக. மழை சாய்ந்து அடிக்கும்போது மட்டும் அந்தப் பக்கத்தை இறக்குக. இரவிலும் அரை அடி திறப்பு இருக்கட்டும். உட்புறத்தில் தாளின்மேல் நீர்த்துளிகள் திரண்டு தொங்குமாயின் காற்றோட்டம் போதாது என்பதற்கு அதுவே அறிகுறி.

சூளையிலிடுமுன் பச்சைப் பாண்டத்தை மூடி வைத்து மெல்ல உலர்த்துவதைப் பீங்கான் தொழிலாளர் அறிவர். விரைந்து காய்ந்தால் வெடிக்கும், காயாவிடில் இளகும். நாற்றங்காலின் ஈரமும் அவ்வாறே அளவாக இருத்தல் வேண்டும். கூண்டின்கீழ் மழை படாதாகையால், ஊரெல்லாம் நீர் ஓடினாலும் பாத்திக்குப் பூவாளியால் நீர் தெளித்தே ஆகவேண்டும். காலையில் தெளித்தால் மாலைக்குள் இலை உலரும். மாலையில் தெளித்தால் இரவெல்லாம் ஈரம் நிற்கும்.

கூண்டு இருக்கிறதென்று விதை நேர்த்தியை விட்டுவிடலாகாது. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து, பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக விதைத்தால் நாற்றழுகல் பெரிதும் அடங்கும்.

நடவிற்கு ஒரு வாரம் முன்னதாகவே போர்வையைச் சிறிது சிறிதாக நீக்கி, கடைசி இரண்டு மூன்று நாட்கள் முற்றும் திறந்து நாற்றை வெயிலுக்குப் பழக்குக. தக்காளி 25 நாட்களிலும், கத்தரி 30 முதல் 35 நாட்களிலும், மிளகாய் 40 முதல் 45 நாட்களிலும் நடவிற்குத் தயாராகும்.

புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் தாளைக் காக்கக் கட்டுகளை மேலும் இறுக்குதல் வீண். தாளைக் கழற்றி மடித்து வீட்டினுள் வைத்துவிட்டு, பாத்தியின்மேல் வைக்கோல் பரப்பி வலையால் அழுத்திக் கட்டுக. போர்வையற்ற வளைவின் ஊடே காற்று புகுந்து போய்விடும். புயல் கழிந்த மறுநாள் அதே தாளைத் திரும்பப் போர்த்தலாம்.

சங்கம் செய்யத்தக்கது

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நிழல்வலைக் குடிலில் குழித்தட்டு நாற்று வளர்க்கும் முறையைப் பரிந்துரைத்து வருகிறது. திண்டுக்கல் மாவட்டம் இரெட்டியார்சத்திரத்தில் இந்திய-இஸ்ரேல் கூட்டு முயற்சியில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் பாதுகாக்கப்பட்ட சூழலில் தரமான நாற்று வளர்ப்பதைக் காட்டுகிறது. அத்தகைய பெருங்குடில் தனியொரு சிறுவிவசாயியின் கைக்கு எட்டுவதன்று. பாத்திக் கூண்டு அதன் தம்பி. பத்து சென்ட் வைத்திருப்பவருக்கும் எட்டும்.

ஆயினும் தனித்தனியே வாங்கினால் இதிலும் இழப்புண்டு. தாளும் வலையும் பெருஞ்சுருளாக வருவன. ஒருவர் தமக்கு வேண்டிய 21 அடியைச் சில்லறையில் வாங்கும்போது விலையும் கூடும், பக்குவம் செய்த தாள்தானா என்ற ஐயமும் நீங்காது. சங்கம் சுருளாக வாங்கி அளந்து வழங்கினால் இரண்டும் தீரும். அதற்கு உறுப்பினர் அனைவரும் ஒரே அளவில் பாத்தி அமைத்துக்கொள்வது நல்லது. எல்லாப் பாத்தியும் 15-க்கு 3 அடி என்றால், ஒருவர் தாள் இன்னொருவர் வளைவிற்குப் பொருந்தும்; மாற்றிக்கொள்ளவும் இரவல் தரவும் இயலும்.

வளைவுகள் உறுப்பினரின் உடைமையாகவும், போர்வைகள் சங்கத்தின் உடைமையாகவும் இருப்பது பொருத்தமான ஏற்பாடு. புரட்டாசியில் தாளைப் பெற்றுக்கொண்டு தை முடிவில் கழுவி உலர்த்தித் திரும்பக் கொடுத்து, அப்போதே நிழல்வலையைப் பெறலாம். வெயில் படாத அறையில் வைத்த தாள் நெடுநாள் உழைக்கும். கொல்லையில் சுருண்டு கிடக்கும் தாள் வீணில் மடியும். கிழிந்து பயனற்றுப் போன தாளும் சங்கத்திற்கே திரும்ப வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் தடைசெய்துள்ளது. நாம் பயன்படுத்துவது அவ்வகையன்று எனினும், எறிந்துவிட்டால் அதுவும் அவ்வாறே வாய்க்காலை அடைக்கும். மாட்டின் வயிற்றிலும் போய்ச் சேரும். கொடுத்த தாள் திரும்பி வந்ததா என்பதற்கு ஒரு பதிவேடு வைத்தல் சங்கத்தின் கடமை.

நாற்று அழிந்த விவசாயி மறுபடி விதைக்கிறார். ஒரு மாதம் பிந்துகிறார். பிந்திய விளைச்சல் எல்லோருடைய விளைச்சலோடும் ஒன்றாகச் சந்தைக்கு வந்து விலை சரிவில் அகப்படுகிறது. கடன் வாங்கிய விதைக்கும் உழைத்த கைக்கும் கூலி கிடைப்பதில்லை. ஆறு வளைவுகளும் ஒரு தாளும் இந்த ஒரு மாதத்தை மீட்டுத் தருமாயின், அது செய்யத்தக்க செலவே. இவ்வாண்டு ஒவ்வொரு கிராமத்திலும் இரண்டு மூன்று உறுப்பினராவது ஒரு பாத்தியைக் கூண்டின்கீழும் அதனருகே மற்றொரு பாத்தியைத் திறந்தவெளியிலும் ஒரே நாளில் விதைத்து, இரண்டிலும் தேறிய நாற்றுகளை எண்ணிச் சங்கக் கூட்டத்தில் தெரிவிப்பார்களாக. அவ்வெண்ணைக் கண்டபின் அடுத்த பருவத்திற்கு எத்தனை சுருள் வாங்குவது என்பதை உறுப்பினர்களே முடிவு செய்யலாம்.